திரை போடாத வீட்டில் ஒரு ரகசியம்

நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில் வீப்ரன் தன் வீட்டு ஜன்னலுக்கு ஒருநாளும் திரை போட்டதில்லை. அவர் உருளைக்கிழங்கு மசிப்பதைத் தெருவே பார்க்கும். குளிர்காலத்தில் கால்வாய்ப் பனிக்கட்டியைத் துளையிட்டு, அதன் தடிமனைத் தன் இணையதளத்தில் தினமும் போடுவார்; அதை நம்பித்தான் ஊரார் பனியில் சறுக்க இறங்குவார்கள். உறையாத நாளிலும் விடாமல் 'பூஜ்ஜியம்' என்று போடுவார். ஆனால் இணைய முகவரிப் பதிவேட்டில் மட்டும் உரிமையாளர் பெயரை மறைத்துவைத்திருந்தார்.

"பேரு தெரிஞ்சா, சறுக்கி விழுந்தவனெல்லாம் வந்து கதவத் தட்டுவான்" என்பார். விழுந்தவர்கள் ஜன்னலைத் தட்டினார்கள்.

அவர் இறந்த மூன்றாம் வாரம், கணினிப் பொறியாளரான மகள் ஹில்ட்யே பதிவேட்டைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமையோடு முகவரி காலாவதி. விட்டால் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள். பதிவு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பாவோட இறப்புச் சான்றிதழ் அனுப்பியிருக்கேன். என் பேருக்கு மாத்திக் கொடுங்க."

"அது செல்லாதுங்க. உரிமையாளர் இன்னும் உயிரோட இருக்காரே."

"யாருங்க அது?"

"சொல்லக்கூடாதுங்க, தனியுரிமை." மறுமுனையில் பேசிய பெண் தயங்கினாள். "உங்க அடையாள அட்டையத்தான் ஒருதடவ அனுப்பிப் பாருங்களேன்."

அனுப்பினாள். அரைமணியில் பதிவு திறந்தது. அவள் பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவள்தான் உரிமையாளர்.

சறுக்கி விழுகிறவர்கள் இனி அவளைத் திட்டலாம்.