இன்னும் வெளிச்சமான ஒரு சூரியன்

எட்டாம் தரத்துக்கு நட்சத்திரங்களைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை கேட்டுவிட்டாள்: நம் சூரியனைவிட வெளிச்சமான நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களில் உயிர் இருக்குமா? "நாளைக்குச் சொல்றன்" என்று தப்பி வந்து, பகல் சோற்றுக்குப் பிறகு போனில் தேடி வாசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் படிப்பித்தும் வீட்டுப்பாடம் இன்னும் எனக்குத்தான்.

அப்போது என் கணவர் உப்பளத்திலிருந்து வந்தார். உப்பில் பட்டு எறிக்கும் வெயிலில் முப்பது வருடம் நின்றவர். இரண்டு கண்ணிலும் சதை வளர்ந்து, வலது கண்ணில் கருமணியை மூடத் தொடங்கியிருந்தது. வெட்டி எடுக்காவிட்டால் பார்வை போய்விடும் என்று டொக்டர் சொல்லி ஏழு மாதம். உப்பு அள்ளி முடியட்டும், மழை வரட்டும் என்று அவரிடம் சாட்டுக்குப் பஞ்சமில்லை.

என்ன வாசிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

"சூரியன விட வெளிச்சமா? அப்ப அங்க ரெண்டு நாள்ல உப்பு விளையும்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே புற ஊதாக் கதிர் கடுமை, உயிரை உள்ளே புகுந்து சிதைக்கும் என்றேன். அந்த நட்சத்திரமும் அவசரமாக எரிந்து முடிந்துவிடும். நம் பூமியில் கண்ணுள்ள ஒரு பிராணி வரவே யுகக்கணக்கில் காலம் பிடித்தது. அங்கே அந்த அவகாசம் கிடைக்காமல் போகலாம். ஆனாலும் தண்ணீர் உறையாமல் கொதிக்காமல் நிற்கக்கூடிய தூரம் அங்கே அகலமானது. ஆழத்தில், சேற்றுக்கடியில், கண்ணில்லாத சின்ன உயிர்கள் ஒளிந்து வாழலாமாம்.

அவர் வலது கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு, "அப்ப கண் இல்லாமலும் சீவிக்கலாம் எண்டு செல்லு" என்றார்.

"சீவிக்கலாம். கையப் புடிச்சிக் கூட்டிப் போக ஆள் இருந்தா."

"நீ இரிக்கிற தானே."

ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிய எழும்பிச் சமைத்து, பள்ளிக்கூடம் ஓடி, வந்து மறுபடி அடுப்படியில் நின்று, எனக்கு அலுத்துப்போயிருந்தது.

"எனக்கு ஏலா" என்றேன். முடியாது என்று கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவரிடம் நான் சொன்னதே இல்லை. "நான் களைச்சிப் போனன். எனக்கு உங்கட கண்ணு வேணும்."

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

"வெட்டக்குள்ள முழிச்சித்தான் இரிக்கணுமாம். கத்தி வாறது தெரியுமாம்."

ஏழு மாதமாக நான் உப்போடு சண்டை பிடித்திருக்கிறேன். மனுசர் பயந்துபோய் இருந்திருக்கிறார்.

"நானும் உள்ளுக்கு வாறன்" என்றேன். ஆஸ்பத்திரியில் விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.