அசையாத புள்ளி

தக்கலையில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் கல்லூரித் தோழியும் நானும் நிறுவனம் தொடங்கினோம். மீன்பிடி வள்ளங்களில் பொருத்தும் சின்னப் பெட்டிதான் எங்கள் தயாரிப்பு. செல்போன் எட்டாத கடலிலிருந்தும் வள்ளம் இருக்கும் இடத்தை வீட்டுப் போனுக்கு அது அனுப்பும். வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி நகரும்.

முதல் பெட்டியைக் குளச்சலில் ஒரு வள்ளக்காரர் பொருத்திக்கொண்டார். புள்ளியை எப்படிப் பார்ப்பதென்று அவர் மனைவிக்குக் காட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலை அந்த அக்கா கூப்பிட்டார்.

"மக்கா, வள்ளம் நின்ன எடத்துலயே நிக்குதே. காத்து வேற வீசுது. என்னன்னு பாத்துச் சொல்லு."

எங்கள் திரையிலும் அப்படித்தான் இருந்தது. பெட்டி செத்ததா, வள்ளம் கவிழ்ந்ததா? பெட்டிதான் பழுது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி, அது தப்பாகிவிட்டால்? "நான் அங்க வாறேன் அக்கா" என்று மட்டும் சொன்னேன். உடனே பஸ் ஏறினேன்.

கரையில் அக்காவைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருத்தி ஜெபமாலையை உருட்டத் தொடங்கினாள்.

மத்தியானம் வள்ளம் வழக்கம்போல வந்து கரையேறியது. வள்ளக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. பெட்டியைத் திறந்தேன். உள்ளே உப்புத் தண்ணீர்.

"இது இல்லாதப்ப நான் பாட்டுக்குச் சோறு பொங்கிட்டு இருந்தேன்" என்றார் அக்கா. "இனி எனக்க போன்ல வேண்டாம். வேணும்னா ஒனக்க போன்ல வச்சுப் பாரு."

தோழி அந்த வாரமே விலகினாள். "ஏட்டி, நாளைக்கு ஒரு ஆளு செத்துப்போனா நம்மளால தாங்க முடியுமா?" என்று கேட்டாள். அவளிடம் எனக்குக் கோபமில்லை. அதே பயம்தான் எனக்கும். ஆனால் பெட்டி இல்லாவிட்டாலும் காற்று வீசத்தான் செய்யும்.

வள்ளக்காரர் மறுபடியும் இடம் கொடுத்தார். அடுத்த பெட்டியில் திருகாணி துருப்பிடித்தது. அதற்கடுத்ததில் வெயிலில் பேட்டரி வீங்கியது. புள்ளி நிற்கும்போதெல்லாம் பஸ் ஏறிக் குளச்சலுக்கு ஓடினேன். வள்ளம் கண்ணில் படும்வரை உயிர் என்னிடம் இருக்காது. பிறகு, தொடர்பு அறுந்தால் திரை அதை வெளிப்படையாகச் சொல்லும்படி மாற்றினேன்.

ஆனி மாதத்தில் ஒரு பிற்பகல், புள்ளி மெல்ல மெல்லத் தெற்கே போனது. எஞ்சின் ஓடும் வேகம் அதுவல்ல; வள்ளக்காரர் வலை போடும் இடமும் அதுவல்ல. சொல்லித் தப்பானால் இனி ஒருவரும் என்னை நம்பமாட்டார்கள். சொல்லாமல் இருந்து உண்மையாகிவிட்டால்? அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, வள்ளம் நீரோட்டத்துல ஒழுகிப் போறமாதிரி இருக்கு. பெட்டி தப்பாவும் இருக்கலாம்."



"தப்புன்னா தப்பாட்டே இருக்கட்டும். எடத்தச் சொல்லு மக்கா."

அக்காவின் தம்பி வேறொரு வள்ளத்தில் போனார். இருட்டுவதற்குள் இரண்டு வள்ளங்களும் வந்தன. எஞ்சின் செத்த வள்ளத்தைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா பக்கத்தில் வந்து, புள்ளியை மறுபடி போட்டுத் தரச்சொல்லித் தன் போனை நீட்டினார்.

இன்று தேங்காப்பட்டணம் வரை வள்ளங்களில் எங்கள் பெட்டி இருக்கிறது. என்னோடு இருவர் வேலை செய்கிறார்கள். காற்று எழும்பும் நாட்களில் மூவரும் சேர்ந்து சாப்பிட உட்காருவதில்லை. எப்போதும் ஒருவர் திரைமுன் இருப்போம். பெரும்பாலும் அது நான்தான்.