குஷன்காரியின் ஓட்டம்

கூடத்தில் டம்ளரை ‘ணங்’கென்று வைக்கும் சத்தம் கேட்டது. உள்ளறையில் சோபாச் சட்டத்தின் மேல் நாடாப் பட்டையை இழுத்துப் பிடித்திருந்த குஷன்காரிக்குக் கை நின்றுவிட்டது. மாமியார் டம்ளரை அப்படி வைத்தால் வந்தவருக்கு நேரம் சரியில்லை என்று பொருள்.

"என் மருமக பொம்பளையான்னு என்கிட்டயே கேக்குறியா? கல்யாணம் ஆன நாளா ஒரே கண்ணாடிக்கு அவளும் நானும் அடிச்சுக்கிறோம்."

பட்டையில் ஓர் ஆணியை அடித்து நிறுத்திவிட்டு, முகத்தைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்தாள். நாற்காலி நுனியில் ஓட்டப்பந்தயச் சங்கத்தின் செயலாளர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கான பந்தயம். இருபது வருஷம் கழித்து அவள் பெயர் கொடுத்திருந்தாள். புருஷன்காரன் ரெக்சின் தைக்கும் மிஷினிலேயே அவளுக்கு ஓட்டக் கால்சட்டை தைத்து, தெருவெல்லாம் காட்டியாகிவிட்டது.

"நீங்க ஓடிப் பழகுறதைப் பார்த்துட்டு ஒருத்தங்க புகார் எழுதிட்டாங்கம்மா. தோளு, குரலு..." செயலாளர் மென்று விழுங்கியபடி கைப்பையிலிருந்து ஒரு பஞ்சுக் குப்பியை எடுத்தார். "கன்னத்துக்குள்ள பஞ்சால ஒரு தடவு தடவி எடுத்தா முடிஞ்சுது, பொம்பளைதானான்னு அதுலயே சோதிச்சுடுவாங்க. இல்லன்னா ஓட விட மாட்டாங்க."

"எல்லாருக்கும் எடுக்கிறீங்களா?"

"புகார் வந்தவங்களுக்கு மட்டும்."

"தோளைப் பத்திப் புகார்னா சோபா மேல குடு," என்றாள் மாமியார். "நாலு சோபாவுக்குப் பட்டை இழுத்துப் பாரு, உனக்கும் வரும்."

குஷன்காரி சிரித்தாள். சிரித்த வாய் மூடுமுன் நெஞ்சுக்குள் ஒரு பழைய அறை திறந்தது. அப்போது வயது இருபத்திரண்டு. பெண்தானா என்று சோதிக்க வந்த, முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் உடை களைந்து நின்றாள். பாஸ் என்றார்கள். மறுநாள் மைதானத்தில் ஒரு கண்கூட அவள் கால்களைப் பார்க்கவில்லை. எல்லாம் வேறெங்கோ மேய்ந்தன. அன்று கழற்றிய ஷூதான், அதன்பிறகு எந்தப் பந்தயத்துக்கும் போடவில்லை.

"பயப்படாதீங்க, நீங்க கண்டிப்பா பாஸாயிடுவீங்க," என்றார் செயலாளர்.

"அன்னைக்கும் பாஸ்தான் ஆனேன்." அவள் குரல் நிதானமாக இருந்தது. "அதுக்கப்புறம் என்னை யாரும் ஓடுறவளா பார்க்கல. சோதனைக்குப் போய் வந்தவளாத்தான் பார்த்தாங்க. அந்தப் பஞ்சை எடுத்து வைங்க. என் பேரை அடிச்சிடுங்க."

மாமியாரின் கோபம் பொசுக்கென்று வடிந்தது. "ஆசையா இருந்தியேடி."

"ஓடத்தானே அத்தை ஆசைப்பட்டேன்? கால்வாய்க் கரையில தினமும் ஓடுறேன். உங்க புள்ளதான் சைக்கிள்ல வந்தும் மூச்சு வாங்குறாரு. அவருக்கு வேணா ஒரு சோதனை வைக்கச் சொல்லுங்க, உயிர் இருக்கான்னு."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். செயலாளர் பஞ்சுக் குப்பியைக் கைப்பைக்குள் தள்ளினார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. வாசல்வரை போனவர் செருப்பில் பாதிக் காலை நுழைத்தபடி நின்றார்.

"கால்வாய்க் கரைக்கு எப்ப போவீங்க?"

"விடிஞ்சதும்."

"நான் ஆமை மாதிரி ஓடுவேன். வரலாமா?"

"கைப்பையை வீட்ல வச்சுட்டு வாங்க," என்றாள் குஷன்காரி.

அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்த மாமியார், "இதுவும் நல்ல ஜீவன்தான்டி" என்று முணுமுணுத்தபடி கதவைச் சாத்தினாள்.