எலும்பு வளர்க்கும் அக்கா

மூச்சை அடக்கிக்கொண்டு, ஆய்வகத்தின் கண்ணாடித் தடுப்புக்குள் இரு கைகளையும் நுழைத்து, எல்லோரும் ‘செல் அக்கா’ என்று கூப்பிடும் அக்கா பிள்ளைகளுக்குப் பால் மாற்றுகிறார். பிள்ளைகள் என்பவை எலும்பாக வேண்டிய செல்கள். பால் என்பது இளஞ்சிவப்புச் சத்துநீர். ஞாயிறு, காய்ச்சல், கல்யாணம் எதுவும் இதற்கு விலக்கல்ல. "புருஷனுக்குப் பசிச்சா கடையில தின்னுப்பாரு. இதுங்க எங்க போகும்?" என்பது அவருடைய இல்லறக் கொள்கை. கணவர் இளைத்திருக்கிறார், செல்கள் செழித்திருக்கின்றன.

பேருந்து இருக்கையைக்கூட ஸ்பிரிட் போட்டுத் துடைத்த பிறகே உட்காருவார். கிருமி அவருக்குச் சம்பந்தி மாதிரி: எங்கே நுழைந்தாலும் காரியத்தைக் கெடுக்காமல் போகாது.

கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறோமல்லவா, ஆய்வகத்தில் எலும்புக்கும் அப்படி ஒன்று கட்டுகிறார்கள். ரஸ்க் போல உள்ளெல்லாம் ஓட்டை. செல்கள் அதில் குடியேறி எலும்பை உண்டாக்க, சாரம் தானே கரைந்துவிடும். "வாடகைக்கு வந்து வீட்டையே கட்டிடுதுங்க" என்பார் அக்கா பெருமையாக. இதுவரை பயனடைந்தவர்கள் எலிகள் மட்டுமே.

இந்தச் சின்ன விவரம் ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லிக்கொள்வதில்லை. அந்தப் பழக்கத்தில் அக்கா வீட்டிலும் சொல்லவில்லை. விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு துண்டை இழந்த தம்பியிடம், "நாங்க எலும்பே வளக்கறோம்டா" என்றார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். புண்ணில் சீழ் வைத்தது. காலை எடுத்துவிடலாம் என்ற டாக்டரை, "எங்க அக்கா லேப்ல ரெடியாயிட்டிருக்கு சார்" என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தான்.

இன்று டாக்டர் அக்காவையே கூப்பிட்டுவிட்டார். "நாளைக்குள்ள அவர் சம்மதிக்கலேன்னா காலோட போகாதும்மா, உயிருக்கே ஆபத்து. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

வார்டில் தம்பி உற்சாகமாக இருந்தான். "வாங்க, எலும்பு வியாபாரி! டப்பா எங்க?"

"சும்மா இருங்க. அண்ணி இப்பத்தான் உள்ள வராங்க" என்றாள் அவன் மனைவி.

"ஏன்க்கா மூஞ்சிய உம்முனு வெச்சிருக்க? அளவு தெரியலையா? எக்ஸ்ரே அங்க இருக்கு, எடுத்துக்கோ. ரொம்பப் பிடிக்காம கொஞ்சம் லூசா தை."

அக்கா எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"நாங்க வளக்கறது எலிக்குடா. இத்தனூண்டு."

முறிந்த எலும்பின் இரு முனைகளுக்கு நடுவே தெரிந்த வெற்றிடத்தில், ஒரு ஓரமாகச் சுண்டுவிரல் நகத்தை வைத்துக் காட்டினார். தம்பி சிரித்தான். அதன் பக்கத்தில் மோதிர விரலை ஒட்டி வைத்தார். பிறகு நடுவிரல். சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று. சுட்டுவிரலும் உள்ளே போனது.

கட்டைவிரலுக்கும் இடம் மிச்சமிருந்தது. அதை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்கி ஒளித்துக்கொண்டார்.