கல் எப்போது வரும்?

ரோடு போடுகிற வேலையில் ரோட்டைத் தவிர மற்றதெல்லாம் சீக்கிரம் வந்துவிடும்: மழை, அட்டை, காய்ச்சல், மேலதிகாரி. அந்தப் பிழைப்பு பிழைத்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எழுபதுகளில் வட அந்தமானில், திக்லிபூர் பக்கம் கடலோரக் காட்டை வெட்டி ரோடு போட்டோம். நான் ரோலர் டிரைவர்.

தமிழ் தெரிந்த ஓவர்சியர்

வந்த புதிதில் எனக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. போட்ட கல் தீர்ந்து, எதிரே ஒரே சேறு. ரோலரை ஓரங்கட்டிவிட்டு ஓவர்சியரிடம், "சார், கல்?" என்றேன். "ஹாங், கல்!" என்றார். மனுஷனுக்குத் தமிழ் தெரிகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். தினமும் அதே கேள்வி, அதே பதில். எங்களோடு வேலை செய்து தமிழ் பழகியிருந்த வங்காளி ஹரிபதோதான் கடைசியில் விளக்கினான். இந்தியில் 'கல்' என்றால் நாளை. நேற்றுக்கும் அதே சொல்தானாம். நம்ம கல்லுக்கு அங்கே 'பத்தர்'. "பத்தர்னு கேளு பாய். கல் கேட்டா கல்தான் கிடைக்கும்."

நல்ல காட்சி

ஹரிபதோவின் மனைவி மாலதிக்கு நிறைமாதம். டோங்கிப் படகில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. சேற்றில் கல் விழுந்துவிட்டால் ஜீப்பிலேயே போய்விடலாம். அந்தச் சமயம் பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். தமிழர் என்று நம்பி நானே மாலதியின் நிலைமையைச் சொல்லிக் கெஞ்சினேன். நான் சேற்றைக் காட்டினேன், அவர் கடலைப் பார்த்தார். அவர் சொன்னது இதுதான்: "இவ்ளோ அழகான எடத்துல இருந்துக்கிட்டு என்னய்யா அவசரம்?"

லாரி

மழையும் வலியும் ஒரே நாளில் பிடித்தன. ஜீப் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. மாலதியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடந்தோம். பாதி வழியிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். நான் வாய்விட்டு அழுதேன், ஹரிபதோ அழவில்லை.

மறுநாள் ரோட்டு முனையில் லாரி வந்து நின்றது. ஓவர்சியருக்கு விஷயம் இன்னும் எட்டவில்லை. என்னிடம் கற்ற தமிழில், "கல் வந்தாச்சு!" என்று கூவினார். ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஹரிபதோ தலையைத் தூக்கவே இல்லை. "கல் வந்திருக்கணும் சாப்."

அதே ரோட்டில் இப்போது பஸ் போகிறதாம், கடல் பக்கத்து ஜன்னலுக்கு அடிதடியாம். அடியில் கிடப்பது ஒரு நாள் பிந்தி வந்த கல்.