ஹேசுக் டீச்சரின் ‘ஆ!’

பான் ஹேசுக் டீச்சருக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை. இருந்ததெல்லாம் வருடத்துக்கு ஒரே ஒரு ‘ஆ!’

மொக்போ துறைமுகத்தை அடுத்த பெண்கள் பள்ளியொன்றில் அவர் புவி அறிவியல் நடத்தினார். பிரபஞ்சம் விரிவதைக் காட்டும் நாளில், பெண்பிள்ளைகள் தாண்டி விளையாடும் நீள எலாஸ்டிக் நாடாவில் துணிக் கிளிப்புகளைக் குத்தி, இரண்டு பேரை இழுக்கச் சொல்வார். ஒவ்வொரு கிளிப்பும் ஒரு நட்சத்திர மண்டலம். எந்தக் கிளிப்பிலிருந்து பார்த்தாலும் மற்றதெல்லாம் தன்னை விட்டுத்தான் விலகி ஓடும்.

“அப்ப நடுவுல இருக்கிறது யாரும்மா?” என்பார். பெண்பிள்ளைகள் ஒவ்வொரு கிளிப்பாகப் பார்ப்பார்கள். பிறகு வகுப்பே ‘ஆ!’ என்று வாயைப் பிளக்கும். அந்த ஒரு சத்தத்துக்காகவே சியோலில் கிடைத்த நல்ல வேலையை வேண்டாமென்றவர் அவர்.

இந்த வருடம் அந்தப் பாடத்தைப் பார்க்கப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். பின்சுவரை ஒட்டி அம்மாக்கள் வரிசையாக நின்றார்கள். நாடா போய் மேசைக்காலில் சிக்கிக்கொண்டது. குனிந்து சிக்கெடுத்தபடியே, பழக்கதோஷத்தில், “அப்ப நடுவுல யாரும்மா?” என்று கேட்டுவிட்டார். யாரும் இன்னும் இழுக்கவே இல்லை. ஒரு கிளிப்கூட நகரவில்லை.

“ஆ!” என்றது வகுப்பு, ஒரே குரலில்.

அம்மாக்கள் கைதட்டினார்கள்.

ஆசிரியர் அறையில், அவர்கள் கொடுத்துவிட்டுப் போன அரிசிக் கேக்கைத் தொடாமலே ஹேசுக் உன்சில் மேல் பாய்ந்தார். உன்சில் அந்த வகுப்பின் பொறுப்பாசிரியை. ஹேசுக் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்து மாணவி. முதன்முதலில் ‘ஆ’ என்றவளே அவள்தான்.

“ஒத்திகை பாத்து வச்சியா? என்கிட்டயே நாடகமா?”

“ஐயோ, சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல டீச்சர்!”

நாடாவைச் சுருட்டி எடுத்துவந்த வகுப்புத் தலைவி நாரே கையைப் பிசைந்தாள். “பயத்துல முந்திக்கிட்டோம் டீச்சர். சீனியர் அக்காங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. அந்த எடத்துல ‘ஆ’ன்னு சொன்னா ஒரு வாரத்துக்கு வீட்டுப்பாடமே தரமாட்டீங்களாமே.”

“அவளுங்களுக்கு யாரு சொன்னா?”

“அவங்க சீனியருங்க.”

ஹேசுக் நாடாவை வாங்கி மேசைமேல் எறிந்தார். இத்தனை வருடமும் இந்தக் கழுதைகள் தன்னை ஏமாற்றியிருக்கின்றன; வாயைப் பிளந்து நின்றது தான் மட்டும்தான். நாரேயை வெளியே அனுப்பிவிட்டு உன்சிலின் கையைப் பிடித்தார்.

“நீயாவது நெசமாச் சொன்னே, இல்ல? ஒனக்குச் சொல்லிக் குடுக்க முன்னாடி யாருமே கெடையாதே.”

உன்சில் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே புரியல டீச்சர். ரெண்டாவது தடவயும் கேட்டீங்க, ஒருத்தியும் வாயத் தொறக்கல. நீங்க அழுதுடுவீங்கன்னு தோணுச்சு.”

ஹேசுக் அவள் கையை விட்டார்.