தடைக்காலத்தில் வந்த டாக்டரம்மா

எங்கள் மகளுக்குப் பதினாறு வயது. பிறந்ததிலிருந்து படுக்கைதான், பேச்சு இல்லை, கழுத்து நிற்காது. இரண்டு முறை நெஞ்சுச்சளி முற்றி, மதுரையில் தொண்டைக்குள் குழாய் போட்டு மெஷினில் வைத்தார்கள். இன்னொரு முறை அப்படி ஆனால் குழாய் போடுவதா வேண்டாமா என்று முன்கூட்டியே பேசிவைக்கலாம் என, இராமநாதபுரத்திலிருந்து வீட்டுக்கே வந்தார் ஒரு டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் பாதி நாள் கடலில். அந்தப் பதில் என் தலையில் விழுந்துவிடுமோ என்று எனக்குக் கிலி.

வந்தது சரி, படகு கிளம்பும் நாளாகப் பார்த்தா வரவேண்டும்? கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் வாங்கி வந்து சாப்பிட உட்கார்ந்த என் வீட்டுக்காரர், கேள்வி காதில் விழுந்ததும் கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

"கடலுக்குப் போற அன்னைக்குப் பேசுற பேச்சா இது?"

எங்கள் தெருவில் கிளம்புகிறவரிடம் எப்போது வருவாய் என்றுகூடக் கேட்க மாட்டோம். டாக்டரம்மா கமுதிப் பக்கம், மிளகாய் விளைகிற ஊர். அவருக்கு எப்படித் தெரியும்? வேறு யாராவது என்றால் முகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இவர், "எப்ப வந்தா அவரு பேசுவாரு?" என்று என்னிடம் கேட்டார். படகெல்லாம் கரையில் நிற்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் வாருங்கள் என்றேன். மண்டையைப் பிளக்கும் வெயிலில் சொன்னபடி வந்தார். மகராசி, நன்றாக இருக்க வேண்டும்.

அன்று அவர் குழாயில் தொடங்கவில்லை. "பாப்பாவுக்கு என்ன பிடிக்கும்?" என்றார். எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்காரர்தான் வாய் திறந்தார். "என் தாடியத் தடவித் தடவிச் சிரிப்பா. குழாயப் புடுங்கிருவான்னு மெஷின் ரூம்ல கையக் கட்டிப் போட்டுட்டாக, டாக்டரம்மா. எங்களயும் உள்ள விடல." மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இனிமே குழா வேணாம். திணறாம, வலிக்காம இங்கனயே வச்சுப் பாத்துக்கிட முடியுமா?"

முடியும் என்றார். மருந்து, ஆக்சிஜன், யாரைக் கூப்பிடுவது எல்லாம் நிதானமாகச் சொன்னார். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு நண்டுக்குழம்பு வைத்துப் போட்டேன்.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரரிடம் கேட்டேவிட்டேன். "நீங்க கடல்ல இருக்கையில அவளுக்கு முடியாமப் போனா? குழா வேணாம்னு நான் தனியா எப்படிச் சொல்றது?"

"நீ சொன்னா நான் சொன்ன மாதிரித்தான் புள்ள," என்றார். "கரைக்கு வந்து ஏன்னு கேக்க மாட்டேன்."